புல்லும் மாடும் தவிர அங்க என்ன இருக்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நான் நெதர்லாந்துல மாஸ்டர்ஸ் படிக்கிறேன். அடுத்த மாசம் எங்க க்ளாஸ ஒரு நாள் ஸ்டடி ட்ரிப்பா பேம்ஸ்டர்ங்கிற கிராமப்புறத்துக்கு கூட்டிட்டு போறாங்க, சைக்கிள்லயே சுத்தணுமாம், முடிச்சிட்டு ரிப்போர்ட் வேற எழுதணும். மேப்ல பாத்தா கட்டம் கட்டமா வயலும் புல்லும்தான் தெரியுது. அங்க என்னத்த பாக்குறது?

பதில்: அந்த கட்டத்தத்தாம்மா பாக்கணும்! நீங்க நிக்கப்போற இடம் 400 வருஷத்துக்கு முன்னாடி பெரிய ஏரி. சுத்திலும் கரை போட்டு, கரைக்கு வெளிய வளையமா கால்வாய் வெட்டி, உள்ள இருந்த தண்ணிய காற்றாலை வச்சே இறைச்சு 1612ல நிலமாக்கிட்டாங்க. நடுவுல 1610ல புயல்ல கரை உடைஞ்சு, காய்ஞ்ச இடமெல்லாம் திரும்ப முங்கி, விடாம மறுபடியும் இறைச்சிருக்காங்க. பணம் போட்டது ஆம்ஸ்டர்டாம் வியாபாரிங்க, அதுல டிர்க் வான் ஓஸ்ங்கிறவர் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிய ஆரம்பிச்சவங்கள்லயும் ஒருத்தர். காய்ஞ்ச நிலத்த நூல் புடிச்ச மாதிரி 180க்கு 900 மீட்டர் துண்டா அளந்து பிரிச்சாங்க, அதான் மேப்ல நீங்க பாக்குற கட்டம். 1999ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய இடமா அறிவிச்சதுக்கு அந்த அமைப்பும் முக்கிய காரணம்.

போனதும் முதல்ல வளையக் கால்வாய் கரை மேல ஏறி நில்லுங்க. ஒரு பக்கம் கால்வாய் தண்ணி, இன்னொரு பக்கம் வயல், வயல்தான் கீழ இருக்கும், தண்ணி மேல இருக்கும்! கடல் மட்டத்துக்கு சுமார் மூன்றரை மீட்டர் கீழ மாடு மேயுது. மழை பெஞ்சா தண்ணி தானா எங்கயும் ஓடாது, வயல் ஓரத்து சின்ன வாய்க்கால்ல சேந்து, பெரிய வாய்க்காலுக்கு வந்து, பம்ப் வச்சு மேல ஏத்தி வெளிய தள்ளணும், இன்னைக்கும் அப்படித்தான். இத கண்ணால பாத்து புரிஞ்சுக்கிட்டாலே ட்ரிப்புல பாதி முடிஞ்ச மாதிரின்னு நான் சொல்லுவேன்.

காற்றாலை பாக்கணும்னா பக்கத்துல ஸ்ஹெர்மர்ங்கிற இடத்துக்கு விட சொல்லி கேளுங்க, அது 1635ல காயவச்ச ஏரி, அங்க ஸ்ஹெர்மர்ஹோர்ன் ஊர்ல ஒரு ஆலைய மியூசியமா வச்சிருக்காங்க. ஒரே ஆலையால அவ்ளோ ஆழத்துலேர்ந்து தண்ணிய தூக்க முடியாது, அதனால வரிசையா நிறுத்தி ஒண்ணு தூக்கினத அடுத்தது வாங்கி இன்னும் மேல ஏத்துற மாதிரி வச்சிருந்தாங்க. போட்டோ எடுக்குறவங்க நிறைய பேரு இத கவனிக்காமலே வந்துடுறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

பெரிய பிரமிட் கூரை போட்ட பண்ணை வீடுங்க வழியெல்லாம் வரும், அந்த காலத்துல குடும்பம், மாடு, வைக்கோல் எல்லாம் அந்த ஒரே கூரைக்கு கீழதான் இருந்துச்சு.

கேள்வி: விவசாயி ஒருத்தர பேட்டி எடுக்கணுமாம், என்ன கேக்கலாம்?

பதில்: வாய்க்கால் தண்ணி எவ்ளோ உயரத்துல நிக்கணும்னு யாரு முடிவு பண்றாங்க, அது உங்களுக்கு ஒத்துவருதான்னு கேளுங்க. மாடு வளக்குறவருக்கு ஒரு மட்டம் தேவை, உருளைக்கிழங்கு போடுறவருக்கு வேற, பறவைக்கு ஈரம் வேணும்னு இன்னொருத்தர். இத தீர்மானிக்கிறதுக்குன்னே வாட்டர்ஸ்ஹாப்னு தனி அமைப்பு இருக்கு, நாடு முழுக்க 21, அதுக்கு தனியா தேர்தல், தனியா வரி, 13ஆம் நூற்றாண்டுலேர்ந்தே வர்ற வழக்கம். மாட்டோட பால் கணக்க விட இதுல ரிப்போர்ட்டுக்கு விஷயம் நிறைய கிடைக்கும்.

அப்புறம் சைக்கிள் ரூட்டுக்கு பயப்படாதீங்க, சந்திப்புக்கு சந்திப்பு நம்பர் போர்டு இருக்கும், போற நம்பருங்கள வரிசையா ஒரு துண்டு பேப்பர்ல எழுதிக்கிட்டா போதும். ஆனா ஒதுங்க மேடு ஒண்ணும் கிடையாது, எதிர்காத்து மூஞ்சிலயே அடிக்கும், காத்து மழை ரெண்டும் தாங்குற ஜாக்கெட் கண்டிப்பா எடுத்துக்கோங்க.