பிஎச்டி சேருவதற்கு முன்பே பேராசிரியர்களிடம் பேச வேண்டுமா? பேசினால் என்ன கேட்பது?

கட்டாயம் பேசுங்கள். நீங்கள் எம்எஸ்சி கடைசி வருடம், வீட்டில் யாரும் ஆராய்ச்சிப் பக்கம் போனதில்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். என் நிலைமையும் அதுதான்.

தென் மாவட்ட அரசுக் கல்லூரியில் வேதியியல் படித்தேன். ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்ததும் எல்லோரும் மத்திய அரசின் என்ஐஆர்எஃப் கல்லூரித் தரவரிசையைப் பார்த்துச் சேரச் சொன்னார்கள். எங்கள் கௌரவ விரிவுரையாளர் சார் மட்டும், "ரேங்க் காலேஜுக்கும்மா. உனக்கு அஞ்சு வருஷம் கைடோடதான். அவர்கிட்ட சேர்ந்தவங்க எப்போ வெளிய வந்தாங்கன்னு பாரு" என்றார். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்டி ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் கைடு பெயரைப் போட்டுத் தேடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். பல ஆய்வேடுகளில் பதிவு செய்த தேதி, முடித்த தேதி இரண்டும் இருக்கும்.

அப்புறம் இரண்டு பேராசிரியர்களிடம் பேசினேன். ஒருவர் பெரிய பெயர். அவரிடம் சேர்ந்தவர்கள் பலர் ஏழு வருடத்துக்கு மேல் இழுத்திருந்தார்கள். காரணம் கேட்டதும், "அதெல்லாம் சேர்ந்தப்புறம் தெரிஞ்சுக்கலாம்" என்று முடித்துவிட்டார். இன்னொருவர் தன் ஸ்காலர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லி, பாதியில் விட்டுப் போனவரின் நம்பரையும் அவர் சம்மதம் கேட்டுக் கொடுத்தார். அவரிடமே சேர்ந்தேன். ஃபெலோஷிப் முடிவதற்குள் தீசிஸ் கொடுத்துவிட்டேன்.

இப்படிக் கேட்பது மரியாதை இல்லை என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். எல்லா கைடையும் நான் குறை சொல்லவில்லை. ஜேஆர்எஃப், அதன் தொடர்ச்சியாக வரும் எஸ்ஆர்எஃப் இரண்டும் சேர்த்து ஐந்து வருடம்தான் பணம் வரும். அதற்குப் பிறகு மெஸ் பில் கட்டப்போவது உங்கள் அப்பா. அதனால் பணிவாக, ஆனால் நேராகக் கேளுங்கள். இப்போது எத்தனை ஸ்காலர்கள்? 2022 யுஜிசி விதிப்படி பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 பேர்தான். ஓய்வுக்கு மூன்று வருடம்கூட இல்லாதவர் புதிதாக ஆள் எடுக்க முடியாது, அதையும் விசாரியுங்கள். கருவி லேபிலேயே இருக்கிறதா, ஒவ்வொரு என்எம்ஆர் சோதனைக்கும் (மூலக்கூறு அமைப்பைப் பார்ப்பது) மாதிரியை வெளியே அனுப்ப வேண்டுமா என்பது வேதியியல்காரர்களுக்கு முக்கியம். அவருடைய ஸ்காலர்களிடம் பேசுவதை லேபுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். எனக்கு வழி காட்டிய அந்த சார் பிஎச்டி, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் இரண்டும் முடித்தவர். இன்னும் தொகுப்பூதியம்தான், மே மாதம் அதுவும் கிடையாது. எங்கள் துறையிலிருந்து ஆராய்ச்சிக்குப் போனவர்களில் பாதிப் பேர் அவர் அனுப்பி வைத்தவர்கள். அவரை நிரந்தரமாக்க மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை.