மொரீஷியஸ் பயணம்: கடன் வாங்கலாமா, எஃப்.டி-யை உடைக்கலாமா?

கேள்வி: தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 65,000 ரூபாய். வீட்டுச் செலவு 45,000, மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி 5,000 போக, மாதம் 15,000 மிஞ்சும். ஏப்ரலில் போனஸ் 90,000 வரும். எஃப்.டி-யில் 3 லட்சம் இருக்கிறது. அதைத் தவிர வேறு கையிருப்பு இல்லை. பிப்ரவரியில் எங்கள் பத்தாவது திருமண நாள். மனைவியையும் ஒன்பது வயது மகளையும் மொரீஷியஸ் அழைத்துப்போக ஆசை. மும்பையிலிருந்து விமானம், கடற்கரை ரிசார்ட்டில் ஆறு இரவு, காலை உணவு, இரவு உணவு எல்லாம் சேர்த்து ஏஜென்ட் 2.40 லட்சம் கேட்கிறார். அதில் விசா கட்டணம் மட்டும் ஆளுக்கு 4,500. எஃப்.டி-யை உடைக்கட்டுமா, 14% வட்டியில் பர்சனல் லோன் எடுக்கட்டுமா? அந்த நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதையும் சொல்லுங்கள் ஐயா. - ஒரு வாசகர், கோவை.

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் மொரீஷியஸ் போங்கள். பிப்ரவரியில் அல்ல, செப்டம்பர் கடைசியில் மகளுக்குக் காலாண்டுத் தேர்வு விடுமுறை வரும்போது.

தேதியை மாற்றச் சொல்வதற்குப் பணம் மட்டும் காரணமல்ல. மொரீஷியஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே வெயிலும் மழையும். புயல் காலமும் அதுதான். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் ஆபத்து அதிகம். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது தலைநகர் போர்ட் லூயிஸின் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துப் போனது. விமான நிலையத்தை மூடினார்கள். அப்படி ஒரு வாரத்தில் மாட்டிக்கொண்டால் பயணம் கெட்டுவிடும், தவணை மட்டும் தொடரும். மே முதல் அக்டோபர் வரை மிதமான குளிர், மழை குறைவு. செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் ஊர் சுற்ற அருமையானவை.

இப்போது கடன் கணக்கு. 2.40 லட்சத்தை 14% வட்டியில் இரண்டு வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 11,500. வட்டி மட்டும் 36,500-க்கு மேல். பிராசசிங் கட்டணம் தனி. உங்களுக்கு மிஞ்சும் 15,000-இல் முக்கால் பங்கு இரண்டு வருடத்துக்கு அதிலேயே போய்விடும். எஃப்.டி-யைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் வீட்டுச் செலவுக்கு அது ஆறரை மாதப் பாதுகாப்பு. வேலை போனாலோ, வீட்டில் யாரையாவது மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலோ கைகொடுக்க வேறு எதுவும் உங்களிடம் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஜனவரியிலிருந்து வங்கியில் மாதம் 15,000 ஆர்.டி (தொடர் வைப்பு) போடுங்கள். ஒன்பது மாதத்தில் 1.35 லட்சம். போனஸ் 90,000 வந்ததும் விமான டிக்கெட்டை எடுத்துவிடுங்கள். மும்பையிலிருந்து நேரடி விமானத்தில் ஆறு மணி நேரம்தான். ஆக உங்கள் எல்லை 2.25 லட்சம், கைச்செலவும் இதற்குள்தான். எஸ்.ஐ.பி அதன் பாட்டுக்கு ஓடட்டும்.

ஏஜென்ட் கேட்பதைவிடக் குறைந்த தொகையாயிற்றே என்று யோசிக்காதீர்கள். முதலில் அந்த விசா கட்டணம். இந்திய பாஸ்போர்ட்டில் சுற்றுலா போகிறவர்களுக்கு மொரீஷியஸ் விசா கட்டணம் வாங்குவதில்லை. திரும்பி வரும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் ஆகியவற்றைக் காட்டினால் போதும். பயணத்துக்கு முன் அரசின் இணையதளத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அதுவும் இலவசம். அப்படியிருக்க 13,500 ரூபாய் எதற்கு என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள். என்னைக் கேட்டால், இந்த ஒரு கட்டணத்துக்காகவே அந்த விலைப்பட்டியல் முழுவதையும் சந்தேகத்தோடு படிப்பேன்.

அடுத்தது அறை. கடலைப் பார்த்த ரிசார்ட்டுக்குத்தான் பேக்கேஜில் பெரும்பணம் போகிறது. மொரீஷியஸில் கடற்கரை யாருக்கும் சொந்தமில்லை. ரிசார்ட் வாசலில் இருக்கும் மணலிலும் பொதுமக்கள் நடக்கலாம். மேற்கே ஃபிளிக் என் ஃபிளாக், வடக்கே மோன் ஷுவாசி போன்ற பொதுக் கடற்கரைகளுக்குப் பக்கத்தில் சமையலறையோடு சின்ன அப்பார்ட்மென்ட் எடுங்கள். சூப்பர்மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் கிடைக்கும். தெருவோரத் தால் பூரி மலிவு, மகளுக்கும் பிடிக்கும். அவ்வளவும் செய்து எல்லையைத் தாண்டினால் ஆறு இரவை ஐந்தாக்குங்கள்.

தீவு சின்னது, 1,865 சதுர கிலோமீட்டர்தான். ஓர் இடத்தில் தங்கிக்கொண்டே ஷமரேலின் ஏழு வண்ண மண், லெ மோர்ன் மலை, கங்கா தலாவ் ஏரி எல்லாம் போய்வரலாம். ஊருக்கு ஊர் பஸ் உண்டு; போர்ட் லூயிஸிலிருந்து கியூர்பிப் வரை மெட்ரோவும் ஓடுகிறது. போர்ட் லூயிஸில் ‘ஆப்ரவாசி காட்’ என்ற பழைய துறையை விட்டுவிடாதீர்கள். 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்த லட்சக்கணக்கான நம் நாட்டவர்கள் கரையேறிய படிகள் அங்கே இருக்கின்றன. தமிழர்களும் அவர்களில் உண்டு. இன்றும் தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை.

பண விஷயத்தில் ஒன்றை மனதில் வையுங்கள். அவர்கள் பணத்துக்கும் ரூபாய் என்றுதான் பெயர், நோட்டில் தமிழும் அச்சிட்டிருக்கும். நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், தமிழ் வம்சாவளித் தலைவர். பார்க்கப் பெருமையாக இருக்கும், கூடவே கணக்கையும் மறக்கடிக்கும். அவர்களுடைய ஒரு ரூபாய் நம் பணத்தில் ஏறத்தாழ இரண்டு ரூபாய். மெனுவில் 900 என்று பார்த்தால் 1,800 என்று படியுங்கள். தங்குமிடத்தில் பெரியவர்களுக்கு இரவுக்கு ஆளுக்கு 3 யூரோ சுற்றுலாக் கட்டணம் உண்டு. உங்கள் இருவருக்கும் ஆறு இரவுக்கு 36 யூரோ, அதாவது 3,500 ரூபாய்க்கு மேல். பேக்கேஜில் இது சேர்ந்ததா என்று கேளுங்கள். விலைகளில் 15% வாட் வரியும் உண்டு. சில ஓட்டல்கள் அதைப் பில்லில்தான் கூட்டும்.

நம் யுபிஐ, ரூபே இரண்டும் 2024 பிப்ரவரியில் அங்கே அறிமுகமாயின. கிளம்பும் முன்பே செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கிக்கொள்ளுங்கள். எல்லாக் கடையும் ஏற்காது. பஸ்ஸுக்கும் தெருக்கடைக்கும் ரொக்கம் வேண்டும். இங்கிருந்து கொஞ்சம் டாலரோ யூரோவோ கொண்டுபோய் அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். சாதாரண கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி 3.5% மார்க்கப் கட்டணம், அதன்மேல் 18% ஜிஎஸ்டி பிடித்தால், 40,000 ரூபாய் செலவுக்கு 1,650 ரூபாய் சும்மா போகும். முன்கூட்டியே வெளிநாட்டுப் பணத்தை ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டு விசாரியுங்கள். கார்டு தேய்க்கும்போது இந்திய ரூபாயில் வேண்டுமா என்று மெஷின் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அவர்கள் பணத்திலேயே கட்டுங்கள். மூவருக்கும் பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள்.

கடைசியில் ஏஜென்ட் மூலமாகவே போனால், பேக்கேஜ் தொகையோடு டிசிஎஸ் பிடிப்பார். அது கூடுதல் செலவல்ல, உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டும் வருமான வரி. பான் எண்ணைச் சரியாகக் கொடுத்து, வருமான வரி இணையதளத்தில் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளுங்கள். கட்ட வேண்டிய வரி இல்லையென்றால் ரீஃபண்டாக வரும்.