மதுரைத் திருவிழாத் தேதிகள் வருடா வருடம் ஏன் மாறுகின்றன?

பொங்கல் ஜனவரி 14, 15ஐ விட்டு நகர்வதில்லை, ஆனால் அழகர் 2024இல் ஏப்ரல் 23, 2025இல் மே 12 என்று ஆற்றில் இறங்கினார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பொங்கலுக்குச் சூரியக் கணக்கு, அவ்வளவுதான். மற்றதில் பெரும்பாலும் தமிழ் மாதத்தோடு நிலாவையும் நட்சத்திரத்தையும் பார்ப்பார்கள். அழகருக்குச் சித்ரா பௌர்ணமி, அது சித்திரைக்குள்ளேயே வருடா வருடம் வேறு தேதியில் விழும். தைப்பூசத்தன்று மீனாட்சியும் சொக்கரும் வண்டியூர் தெப்பக்குளத்தில் தெப்பமேறி மைய மண்டபத்தைச் சுற்றி வருவார்கள் (கரையில் நின்று வடம் இழுப்பது நம்மாட்கள்தான்). வைகாசி விசாகம் வந்தால் திருப்பரங்குன்றம் முழுக்கப் பால்குடம். பெரும்பாலும் அதையொட்டி வரும் பௌர்ணமியைத்தான் இலங்கையில் வெசாக் என்று வாசலில் கூடு கட்டி விளக்கேற்றிக் கொண்டாடுகிறார்கள், புத்தர் பிறந்தது, ஞானம் பெற்றது, மறைந்தது மூன்றும் அன்றுதானாம். அதனால் ஊருக்கு வர டிக்கெட் போடும் முன் பௌர்ணமி என்றைக்கு என்று பாருங்கள், அப்புறம் அழகருக்கு வருவதென்றால் சில நாள் முன்னதாகவே கிளம்பினால் மீனாட்சி கல்யாணமும் கிடைக்கும்.