மகாதமனிப் பிளவு, ஸ்டென்ட் கிராஃப்ட்: டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

அப்பாவுக்கு 58 வயது. வயலில் நின்றபோது முதுகே கிழிவதுபோல வலி. சி.டி.யில் 'டைப் பி' என்று வந்திருக்கிறது. ஐ.சி.யூ.வில் மருந்து மட்டும்தான் ஏறுகிறது. ஸ்டென்ட் வைக்க ஏன் தாமதிக்கிறார்கள்? (மன்னார்குடி)

தாமதம் அல்ல, அதுதான் சரியான முறை. இதயத்திலிருந்து உடல் முழுக்க ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனியின் சுவரில் உள்ளடுக்கு கிழிந்து, ரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து போலிப் பாதை ஒன்றை உண்டாக்கிவிடுகிறது. இதயத்தை ஒட்டி மேலேறும் பகுதியை இது தொட்டிருந்தால் டைப் ஏ. உடனே நெஞ்சைத் திறந்து அறுவை செய்ய வேண்டும். இடது கைக்குப் போகும் தமனியைத் தாண்டிக் கீழே மட்டும் இருந்தால் டைப் பி. சிக்கல் இல்லாத டைப் பிக்கு முதல் சிகிச்சை மருந்துதான். நாடித் துடிப்பு 60க்குள், மேல் அழுத்தம் 100 முதல் 120க்குள் நிற்க வேண்டும். முதலில் துடிப்பைக் குறைக்கும் எஸ்மோலால் அல்லது லேபெட்டலால், பிறகே தேவைப்பட்டால் ரத்தக்குழாயை விரிக்கும் மருந்து. வரிசையை மாற்றினால் துடிப்பு எகிறி, கிழிசல் நீளும்.

முதல் சில நாட்களில் சுவர் மிக மென்மையாக இருக்கும். அப்போது ஸ்டென்டை (கிழிசலை உள்ளிருந்து மூடும், துணி போர்த்திய கம்பிக் குழாய்) விரித்தால் கிழிசல் மேல்நோக்கி ஏறி டைப் ஏ ஆகிவிடும் ஆபத்து கூடுதல். ஸ்டென்ட் தேவைப்படும் என்று தோன்றுபவர்களுக்கும், நிலை சீராக இருந்தால் 2 வாரத்துக்குப் பின், 3 மாதத்துக்குள் வைப்பதையே பலரும் விரும்புகிறார்கள். தமனி 40 மி.மீ.க்கு மேல் வீங்கியிருப்பதும், போலிப் பாதை 22 மி.மீ.க்கு மேல் அகன்றிருப்பதும் அப்படி யோசிக்க வைக்கும் அடையாளங்கள்.

காத்திருக்கவே கூடாத நிலைகளும் உண்டு: காலில் நாடி இல்லை, சிறுநீர் குறைந்து கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறுகிறது, வயிற்றுவலி விடவில்லை, நெஞ்சுக்குள் ரத்தம் கசிகிறது, மருந்து ஏறியும் வலியோ அழுத்தமோ அடங்கவில்லை. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே ஸ்டென்ட். மருத்துவரிடம் தினமும் இவற்றைக் கேளுங்கள்.

நெஞ்சுவலிக்கு உடனே ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமா? (வேதாரண்யம்)

ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு உறுதியானால் அந்த ஊசி உயிர்காக்கும். பிளவாக இருந்தால் அதுவே உயிரை எடுக்கும். வலி தொடங்கிய நொடியிலேயே உச்சத்தில் இருந்ததா, முதுகுக்குப் பரவியதா, இரு கைகளின் அழுத்தத்தில் 20க்கு மேல் வித்தியாசமா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஊருக்கு ஊர் இறங்கிப் பார்க்காமல், 108-ஐ அழைத்து, கான்ட்ராஸ்ட் சி.டி. (ரத்தக்குழாய் தெரிய மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி.) எடுக்கும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள்.

இது இதயத்துக்கு வைக்கும் ஸ்டென்ட் மாதிரிதானா? எப்படி வைக்கிறார்கள்? (கும்பகோணம்)

இல்லை. இதய ஸ்டென்ட் சில மி.மீ. அகலம், இது பெரும்பாலும் 22 முதல் 46 மி.மீ. வரை, நைட்டினால் என்ற உலோகக் கம்பிச் சட்டத்தின் மேல் பாலியஸ்டர் அல்லது பி.டி.எஃப்.இ. துணி போர்த்தியது. கிழிசலின் வாயை அந்தத் துணி மூடும். ரத்தம் வழக்கமாக ஓடும் உண்மைப் பாதையிலேயே ஓடும்.

தொடைத் தமனி வழியாகக் கம்பி ஏற்றுகிறார்கள். அந்தக் கம்பி முழு நீளமும் உண்மைப் பாதையில் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நடுவில் போலிப் பாதைக்குள் நுழைந்திருப்பதைக் கவனிக்காமல் ஸ்டென்டை விரித்தால் குடல், சிறுநீரகத்துக்கான ரத்தமே அடைபடும். அதனால்தான் ரத்தக்குழாய்க்குள் அல்ட்ராசவுண்டு விட்டோ, உணவுக்குழாய் வழி எக்கோவாலோ உறுதிசெய்கிறார்கள். கிழிசலுக்கு மேலே குறைந்தது 2 செ.மீ. நல்ல சுவர் வேண்டும். அளவு, தமனியைவிட 10 சதவீதத்துக்கு மேல் பெரிதாகக் கூடாது. விரிக்கும் நேரத்தில் அழுத்தத்தைத் தற்காலிகமாகக் குறைப்பார்கள். விரித்தபின் பலூன் ஊதி அழுத்துவதைப் பிளவில் தவிர்ப்பார்கள். மெல்லிய சவ்வு மறுபடி கிழியும்.

ஸ்டென்ட் வைத்தபின் அண்ணனுக்கு இடது கை சில்லிட்டு, சோர்ந்துபோகிறது. (மயிலாடுதுறை)

இடது கைத் தமனியின் வாயைத் துணி மூடியிருக்கலாம். பலருக்கு மாற்றுப் பாதை உருவாகிச் சரியாகும். வேலை செய்தால் கை வலிப்பது, தலைசுற்றல், விரல் நிறம் மாறுவது இருந்தால் கழுத்துத் தமனியிலிருந்து பைபாஸ் தேவைப்படலாம். இதய பைபாஸ் செய்தவர்களுக்கும் இடது கையில் டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ளவர்களுக்கும் இதை முன்கூட்டியே செய்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின்னும் கால் மரத்தாலோ, தூக்க முடியாமல் போனாலோ ஒரு மணி நேரம்கூடப் பொறுக்காதீர்கள். முதுகுத்தண்டுக்கு ரத்தம் குறைந்திருக்கலாம். அழுத்தத்தைக் கூட்டி, தண்டுவட நீரை வடித்து மீட்கும் வாய்ப்பு ஆரம்பத்தில்தான் அதிகம்.

இனி கருவாடு, ஊறுகாய், நெல் மூட்டை? (திருத்துறைப்பூண்டி)

கருவாடும் ஊறுகாயும் வேண்டாம். மொத்த உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் அளவுக்குள். மூட்டை தூக்குவதை விட்டுவிடுங்கள். மூச்சைப் பிடித்துத் தம் கட்டும்போது அழுத்தம் சட்டென்று எகிறும். நடக்கலாம். வெற்றிலையோடு போடும் புகையிலையும் நிற்க வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் மிகப் பெரிய ஆபத்து. ஸ்டென்ட் மூடியது ஒரு பகுதியைத்தான். மற்ற இடத்தில் பலவீனமான சுவர் அப்படியே இருக்கிறது.

சி.டி. எத்தனை முறை? (தஞ்சாவூர்)

1, 6, 12-ஆம் மாதங்களில், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. ஓரத்தில் கசிவு, ஸ்டென்டின் கீழ்நுனியில் புதுக் கிழிசல், போலிப் பாதை விரிதல் ஆகியவற்றைத் தேடுகிறோம். கிரியேட்டினின் பார்த்துவிட்டே கான்ட்ராஸ்ட். பழைய சி.டி. படங்களின் குறுந்தகட்டைத் தவறாமல் கொண்டுபோங்கள். அறிக்கைத் தாள் மட்டும் இருந்தால் அளவை ஒப்பிட முடியாது. உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒருமுறை எக்கோ எடுத்துக்கொள்ளட்டும்.