கலியாணச் சோறு தின்ற மாடு படுத்தது ஏன்?

கேள்வி: கறவை மாடுகள் மூன்று வைத்திருக்கிறேன். பக்கத்து ஊர்க் கலியாண வீட்டில் மீந்த சோறும் பாயசமுமாக ஏறக்குறைய 15 கிலோ வந்தது. இரவில் குளுதாடியில் கொட்டினேன். காலையில் கலப்பினப் பசு அசைபோடவில்லை. சாணி புளித்த வாடையோடு தண்ணீராகப் போனது. கண்கள் குழிவிழுந்து படுத்துவிட்டது. கால்நடை மருத்துவர் வந்து பிழைக்க வைத்தார். உடன் தின்ற நாட்டுப் பசுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வைக்கோலும் நெல்லில் வந்தது, சோறும் நெல்லில் வந்தது. ஒன்று தீனியாகவும் மற்றது நஞ்சாகவும் ஆவது எப்படி?
— ஒரு விவசாயி, பள்ளத்தூர் அருகே

பதில்: ஐயா, வைக்கோலின் செல்லுலோஸும் சோற்றின் மாவுச்சத்தும் குளுக்கோஸ் என்ற ஒரே சர்க்கரையின் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்தவையே. கோத்திருக்கும் விதத்தில்தான் வேறுபாடு உள்ளது. மாவுச்சத்தில் ஆல்பா பிணைப்பு இருப்பதால் சங்கிலி சுருண்டும் கிளைத்தும் நிற்கிறது. நொதிகள் அதை எளிதில் வெட்டுகின்றன. செல்லுலோஸில் பீட்டா பிணைப்பு இருப்பதால் சங்கிலிகள் நேராக நீண்டு, ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. இந்தப் பிணைப்பை வெட்டும் நொதியைப் பசுவின் உடல் சுரப்பதில்லை. அதன் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிரிகளே அந்த வேலையைச் செய்கின்றன. ஆகவே நாம் தீனி வைப்பது மாட்டுக்கு என்பதைவிட, முதலில் அந்த நுண்ணுயிரிகளுக்கு என்று கொள்வதே சரி.

வைக்கோலை அவை மெல்ல மெல்லச் சிதைத்து அசிட்டிக், புரோபியானிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாற்றுகின்றன. வயிற்றுச் சுவர் இவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. மாட்டுக்குக் கிடைக்கும் ஆற்றலின் பெரும்பகுதி இவற்றிலிருந்தே வருகிறது. அசைபோடும்போது ஏராளமாகச் சுரக்கும் உமிழ்நீரில் பைகார்பனேட் உப்பு இருப்பதால், அமிலம் மட்டுப்பட்டு, வயிற்றின் கார அமில நிலை (pH; எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) 6-க்கும் 7-க்கும் இடையில் நிற்கிறது. வைக்கோல் சத்துக் குறைந்த தீனி என்று பலரும் இகழ்கிறார்கள். அசைபோட வைத்து இந்த உமிழ்நீரை வரவழைக்கும் அதன் பணியை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

தங்கள் பசுவுக்கு அன்றிரவு நடந்தது வேறு. வெந்த சோற்றில் மாவுச்சத்து நீரேறி இளகியிருப்பதால் வேகாத அரிசியைவிட வேகமாக நொதிக்கும். பாயசத்தின் சர்க்கரைக்கு அந்த நேரமும் தேவையில்லை. 15 கிலோவும் சோறாகவே இருந்தால் அதில் ஏறக்குறைய 4 கிலோ மாவுச்சத்து இருக்கும். இவ்வளவும் ஒரே வேளையில் இறங்கியவுடன், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் போன்ற பாக்டீரியாக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. இது அசிட்டிக் அமிலத்தைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு வீரியமுள்ளது. லாக்டிக் அமிலத்தை உண்டு தீர்க்கும் பாக்டீரியாக்களும் வயிற்றில் உண்டு என்றாலும், அவை மெதுவாகவே பெருகும். கார அமில நிலை 5-க்கும் கீழே சரியும்போது செல்லுலோஸைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் புரோட்டோசோவா என்ற ஓரணு உயிரிகளும் மடிகின்றன. அசைபோடுவது நின்று உமிழ்நீரும் குறைகிறது. வயிற்றுநீரின் அடர்த்தி கூடுவதால் இரத்தத்திலிருந்து நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. கண் குழிவிழுந்ததும் சாணி தண்ணீராகப் போனதும் இதனால்தான். உறிஞ்சப்பட்ட அமிலம் இரத்தத்தையும் பாதித்ததால் மாடு படுத்துவிட்டது. அமில நோய் என்று மருத்துவர்கள் சொல்வது இதையே.

நாட்டுப் பசு தப்பியதை வைத்து அந்த இனம் எதையும் தாங்கும் என்று முடிவு செய்ய வேண்டாம். ஒரே குளுதாடியில் தின்னும்போது வலுத்த மாடு மற்றதை முட்டி விலக்கிவிட்டுப் பெரும்பங்கைத் தின்றிருக்கக்கூடும். அல்லது நாட்டுப் பசு வைக்கோல் தின்று வயிறு நிறைந்திருந்திருக்கலாம்.

நம் பக்கத்தில் கலியாணமும் படைப்பும் வரும் நாள்களில் மீந்த சோற்றைக் குப்பையில் கொட்ட யாருக்கும் மனம் வராது. அது நல்ல வழக்கமே. ஆயினும் முழுவதையும் ஒரே இரவில் ஒரே தொட்டியில் கொட்டக் கூடாது. முதலில் வயிறு நிறைய வைக்கோல் போட்டுவிட்டு, மாட்டுக்கு ஒரு கிலோவுக்கு மிகாமல், தனித்தனியாக வைப்பதே பாதுகாப்பு என்பது என் கருத்து. பாயசம், கவுனி அரிசி இனிப்பு, கந்தரப்பம் போன்றவற்றை அடியோடு தவிர்த்துவிடலாம். எஞ்சியது எருக்குழிக்குப் போகட்டும். ஆடுகளுக்கும் இதே ஆபத்து உண்டு. தவிடு, குருணை ஆகியவற்றைக் கூட்டுவதாக இருந்தாலும் இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டினால்தான், லாக்டிக் அமிலத்தை உண்ணும் பாக்டீரியாக்கள் பெருக அவகாசம் கிடைக்கும்.

மறுபடியும் ஒரு மாடு இப்படித் தின்றுவிட்டால், நோய்க்குறி தெரியும்வரை காத்திராமல் 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணை அழையுங்கள். மீதிச் சோற்றை அகற்றி, வைக்கோலை மட்டும் முன்னே வைத்து, மாட்டை அவ்வப்போது நடக்க விடுங்கள். வீட்டில் இருக்கும் ஆப்பச் சோடாவும் பைகார்பனேட்டே என்பதால் பலர் அதை மொத்தமாகக் கரைத்து ஊற்றுகிறார்கள். அது அமிலத்தோடு சேர்ந்தவுடன் கார்பன் டை ஆக்ஸைடு வாயு கிளம்பி வயிறு உப்பலாம். சோர்ந்த மாட்டின் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் இறங்கவும் கூடும். அளவையும் முறையையும் மருத்துவரிடம் கேட்டே கொடுங்கள். நலமான மாட்டின் வயிற்றுநீரை எடுத்து நோயுற்ற மாட்டுக்குச் செலுத்தும் சிகிச்சையும் உண்டு. மடிந்த நுண்ணுயிரிகள் அதனால் மீண்டும் குடியேறுகின்றன.

பிழைத்த பசுவைச் சில வாரங்களுக்குக் கவனியுங்கள். குளம்பின் உட்பகுதி அழற்சியடைந்து மாடு நொண்டுவது இந்நோயின் பின்விளைவுகளுள் ஒன்று. தரையில் கால் ஊன்றத் தயங்கினாலோ குளம்பு சூடாக இருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். சினையாக இருந்தால் அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.