அம்மோனியா 0, நைட்ரைட் இறங்க மாட்டேன் என்கிறது: மீன் விடலாமா?

வணக்கம். 150 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, 3 வாரம் ஆகிறது, அம்மோனியா 0, நைட்ரைட் மட்டும் 2 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் 2 பங்கு) நிற்கிறது, நைட்ரேட் 80 காட்டுகிறது, பாறையில் பழுப்பு படிந்திருக்கிறது, கடைக்காரர் இரண்டு டாம்சல் மீன் விடச் சொல்கிறார் என்கிறீர்கள். டாம்சல் மட்டும் வேண்டவே வேண்டாம். அம்மோனியாவைத் தாங்கும், சரிதான். ஆனால் பிறகு தொட்டி முழுவதற்கும் பட்டா போட்டுக்கொண்டு, நீங்கள் விடப்போகும் க்ளவுன் மீன்களை விரட்டி விரட்டிக் கடிக்கும். பாறையைக் கலைக்காமல் அதைப் பிடிப்பதும் லேசு இல்லை.

நைட்ரைட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நன்னீரில்தான் அது பெரிய ஆபத்து. கடல்நீரில் குளோரைடு மிக அதிகம் என்பதால் செவுள் வழியாக நைட்ரைட் உடம்புக்குள் போவது வெகுவாகக் குறைந்துவிடும்.

பார்க்க வேண்டியது அம்மோனியாவைத்தான். இப்போது 0 காட்டுவது, பாக்டீரியா அதைத் தின்று தீர்த்ததால் இல்லாமல், தொட்டியில் புதிதாக அம்மோனியா எதுவும் சேராததாலும் இருக்கலாம். அம்மோனியம் குளோரைடு கரைசலை 2 பிபிஎம் வரும்வரை விட்டு, 24 மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். 0-க்கு வந்தால் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா தயார். வராவிட்டால் மேலும் எதையும் ஊற்றாமல் ஒரு வாரம் பொறுங்கள்.

நைட்ரேட் 80 என்பதை இப்போதைக்கு நம்ப வேண்டாம். நைட்ரைட் இருக்கும்போது அந்தச் சோதனை கூட்டித்தான் காட்டும். நைட்ரைட் இறங்கிய பிறகும் அப்படியே இருந்தால், ஆர்ஓ தண்ணீரில் உப்பை 1.025 அடர்த்திக்குக் கலந்து பாதியை மாற்றுங்கள்.

பாறையில் படிந்த பழுப்பு, டயாட்டம் பாசியாக இருக்கும். புதுத் தொட்டியில் வரும், போகும்.

அம்மோனியா சோதனைக் கிட்டின் காலாவதித் தேதியையும் ஒரு தடவை பாருங்களேன்.