டிரையரும் பஞ்சும்: வாசகர் கேள்வி – பதில்

துணி உலர்த்தும் இயந்திரத்தைப் பற்றி வந்திருந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் டிரையர் வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் 50 நிமிடங்களில் உலர்ந்த அதே அளவு துணி, இப்போது ஒன்றரை மணி நேரம் ஓடிய பிறகும் தையல் ஓரங்களில் ஈரமாகவே வருகிறது. பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் தவறாமல் துடைத்துவிடுகிறேன். பழுது பார்க்க வந்தவர் சூடேற்றும் காயிலை மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: சற்றுப் பொறுங்கள். காயில் அறுந்துவிட்டால் பெரும்பாலும் சூடே வராது; இரண்டு காயில் உள்ள இயந்திரங்களில் ஒன்று மட்டும் போய்விடுவதும் உண்டு. ஆனாலும் அதைக் கழற்றுவதற்கு முன்பு காற்று போகும் வழியைப் பார்த்துவிடுவதுதான் முறை. சூடு ஈரத்தை ஆவியாக்கும். அந்த ஆவியை டிரம்மிலிருந்து வெளியேற்றுவது காற்றின் வேலை. உள்ளே இருக்கும் விசிறி அறைக் காற்றை இழுத்து, சூடேற்றி, புரளும் துணிகளுக்கு ஊடாகச் செலுத்தி, வடிகட்டியைக் கடந்து குழாய் வழியாக வெளியே தள்ளுகிறது. இந்தப் பாதையில் எங்கே அடைப்பு ஏற்பட்டாலும், ஈரக் காற்று டிரம்முக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். துணி சூடாக இருக்கும், உலர்ந்திருக்காது. நீங்கள் எழுதியிருப்பது ஏறக்குறைய அந்த அறிகுறிதான்.

வடிகட்டியைத் துடைப்பது நல்ல பழக்கம். ஆனால் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் பிடித்துப் பாருங்கள். வலையின் மேல் விட்ட தண்ணீர் உடனே கீழே இறங்காமல் குளம்போல் தேங்கி நின்றால், துணிக்கு மணமூட்டும் கண்டிஷனரும் டிரையரில் போடும் மணத் தாள்களும் விட்டுச்சென்ற மெழுகு போன்ற படலம் வலைக்கண்களை மூடியிருக்கிறது என்று பொருள். பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும் வலை காற்றை விடாமல் இருப்பது இதனால்தான். வெந்நீரும் சோப்பும் மென்மையான பிரஷும் போதும். நன்றாகக் காய்ந்த பிறகு பொருத்துங்கள்.

அடுத்தது குழாய். எந்த வடிகட்டியாக இருந்தாலும் கொஞ்சம் பஞ்சு தப்பித்துப் போகத்தான் செய்யும். ஈரக் காற்றோடு போகும் அந்தப் பஞ்சு குழாயின் வளைவுகளில் ஒட்டி, அதன்மேல் இன்னொரு படை ஒட்டி, நாளடைவில் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் இரண்டு விரல் நுழையும் இடம்தான் மிஞ்சும். இயந்திரம் ஓடும்போது வெளிச்சுவரில் குழாய் முடியும் இடத்துக்குப் போய், அங்குள்ள மூடி முழுதாகத் திறக்கிறதா, காற்று கையில் வேகமாகப் படுகிறதா என்று பாருங்கள். மூடி சோர்ந்து அசைந்தால் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது இதைச் செய்வது நல்லது. அப்போதே இயந்திரத்தின் பின்புறத்திலும் அடியிலும் படிந்திருக்கும் பஞ்சையும் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறோம்.

குழாய் பிளாஸ்டிக்கிலோ, நெளிநெளியாகச் சுருங்கும் மெல்லிய அலுமினியத் தாளிலோ செய்ததாக இருந்தால் சுத்தம் செய்து திரும்ப மாட்டாதீர்கள். உள்புறம் வழவழப்பான கெட்டி உலோகக் குழாயாக மாற்றிவிடுங்கள். நெளிவுகள் ஒவ்வொன்றும் பஞ்சு தங்கும் இடம்; பிளாஸ்டிக்கோ தீப்பிடித்தால் தானும் சேர்ந்து எரியும். குழாய்களை இணைக்க உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணிகளையும், வெளிவாயிலில் கொசு வலையையும் தவிர்க்க வேண்டும். இரண்டுமே பஞ்சைப் பிடித்து நிறுத்திவிடும். எரிவாயுவில் ஓடும் இயந்திரமாக இருந்தால் இந்த அடைப்பு இன்னும் ஆபத்தானது, ஏனெனில் கார்பன் மோனாக்சைடு வாயுவும் அதே குழாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் நேரம் குறையவில்லை என்றால், காயிலைப் பற்றிப் பேசலாம். இயந்திரத்துக்குள் அளவுக்கு மீறிச் சூடேறினால் அறுந்துகொள்ளும் வெப்ப ஃபியூஸ் ஒன்று இருக்கிறது; அது அடிக்கடி போகிறது என்று யாராவது சொன்னால், புதிய ஃபியூஸ் மாட்டுவதோடு நிறுத்திவிடாமல், எது சூட்டை ஏற்றுகிறது என்று கேளுங்கள்.

கேள்வி: வீட்டில் பெரியவர் ஒருவருக்கு மூட்டுவலிக்காக எண்ணெய் தேய்த்துவிடுகிறோம். அந்தத் துண்டுகளைத் துவைத்து, டிரையரில் உலர்த்தி, சூட்டோடு மடித்துக் கூடையில் அடுக்கிவிட்டுப் போனேன். ஒரு மணி நேரம் கழித்துக் கையை விட்டால், எடுத்தபோது இருந்ததைவிட நடுவிலிருந்த துண்டு சூடாக இருந்தது. காறிய எண்ணெய் வாடையும் வந்தது. இது என் பிரமையா?

பதில்: பிரமை இல்லை, கையை விட்டுப் பார்த்தது உங்கள் நல்ல காலம். துவைத்த துணியிலும் எண்ணெய் கொஞ்சம் தங்கியிருக்கும். ஆளிவிதை, சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது தாமாகவே வெப்பத்தை வெளியிடுகின்றன. கொடியில் விரித்த துணியில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். டிரையரின் சூட்டோடு எடுத்து அடுக்கிய குவியலிலோ, அது வெளியேற வழியில்லாமல் நடுவில் சேர்கிறது. சூடு கூடக் கூட ஆக்சிஜனோடு சேரும் வேகமும் கூடுகிறது. சில மணி நேரத்தில், பக்கத்தில் நெருப்பே இல்லாத நிலையிலும் குவியல் புகைந்து பற்றிக்கொள்ளக்கூடும். சமையலறைத் துணிகளுக்கும் இதே கதைதான்.

எனவே எண்ணெய்ப் பிடித்த துணிகளை டிரையரில் போடாமல் கொடியில் உலர்த்துவதே எங்கள் யோசனை. போட்டே தீர வேண்டுமென்றால், வெந்நீரில் கூடுதல் சோப்புத்தூள் சேர்த்து, வாடை போகும்வரை இரண்டு முறையாவது துவைத்த பிறகே போடுங்கள். டிரையர் ஓட்டத்தின் கடைசிச் சில நிமிடங்களில் சூடில்லாத காற்று மட்டும் வரும். துணிகளை ஆற வைப்பதற்கென்றே வைத்திருக்கும் பகுதி அது. அவசரத்தில் பலர் அங்கேதான் கதவைத் திறந்துவிடுகிறார்கள். நடுவில் நிறுத்த நேர்ந்தால் துணிகளை உள்ளே விட்டுவைக்காமல், எல்லாவற்றையும் உடனே வெளியே எடுத்துத் தனித்தனியாக விரித்துப் போட வேண்டும்.

கேள்வி: இரவில் ஓடவிட்டுத் தூங்கலாமா?

பதில்: வேண்டாம். வெளியே கிளம்பும்போதும் வேண்டாம். உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்கக் கூடாது, காற்று புகுந்து தீ பெரிதாகும். மெயின் சுவிட்சை எட்ட முடிந்தால் அணைத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறித் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். விழித்திருப்பவர்களால்தான் இதைச் செய்ய முடியும்.

கேள்வி: டிரையரின் பிளக்கைத் தொட்டால் சுடுகிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வாஷிங் மெஷினோடு சேர்த்துச் செருகியிருக்கிறேன்.

பதில்: இன்றே பிரித்துவிடுங்கள். 230 வோல்ட்டில் 2,300 வாட் எடுக்கும் டிரையர் 10 ஆம்பியர் மின்சாரத்தைத் தொடர்ந்து ஒரு மணி நேரம் இழுக்கும்; சூடேற்றி ஓடும் வாஷிங் மெஷினும் ஏறக்குறைய அவ்வளவு எடுக்கும். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அந்தச் சுமைக்கானதல்ல. டிரையருக்கென்று தனி வயரில் வரும் சுவர் பாயின்ட் வேண்டும். சூடேறிய பிளக்கின் ஊசிகள் கருத்திருந்தால் பிளக்கையும் பாயின்டையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எவற்றை டிரையரில் போடவே கூடாது?

பதில்: ஃபோம் தலையணை, ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடி, பிளாஸ்டிக் பூச்சுள்ள மழைக்கோட்டு, பெட்ரோல், மண்ணெண்ணெய், டர்பன்டைன் ஆகியவற்றால் கறை நீக்கிய துணி. சட்டைப் பைகளைத் துழாவிப் பார்க்காமல் எதையும் போடாதீர்கள். லைட்டர் ஒன்று கிடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. நாங்கள் அனுபவித்தது ஒரு பேனாவோடு முடிந்தது. மை டிரம்மின் துளைகளில் போய் உட்கார்ந்துகொண்டு, அடுத்த மூன்று முறையும் வெள்ளைச் சட்டைகளுக்குப் புள்ளி வைத்தது.

கேள்வி: எங்களுடையது ஹீட் பம்ப் வகை. வெளிக்குழாயே இல்லை. பராமரிப்பும் இல்லை என்று விற்றவர் சொன்னார்.

பதில்: குழாய் வேலை இல்லை, அவ்வளவுதான். இந்த வகை ஈரக் காற்றைக் குளிர்வித்து நீரைப் பிரித்து, அதே காற்றை மீண்டும் சூடேற்றிச் சுற்றவிடுகிறது. அதனால்தான் மின்செலவும் குறைவு, சூடும் குறைவு. பிரிந்த நீர் சேரும் தொட்டியை ஒவ்வொரு முறையும் காலி செய்யுங்கள். கீழ்க்கதவைத் திறந்தால் மெல்லிய உலோகத் தகடுகள் சீப்புப் பற்கள் போல நெருக்கமாக நிற்பதைப் பார்க்கலாம். வடிகட்டியைத் தாண்டி வந்த பஞ்சு அவற்றின் முகப்பில் சாம்பல் நிறக் கம்பளிபோல் படியும். தகடுகள் நிற்கும் திசையிலேயே மென்மையான பிரஷால் நீக்க வேண்டும், குறுக்கே இழுத்தால் அவை மடங்கிவிடும். தாமே கழுவிக்கொள்ளும் மாதிரிகளில் இந்தக் கதவு இருக்காது; அவற்றுக்குக் கையேடு சொல்வதைச் செய்யுங்கள். வீடு மாற்றும்போது படுக்க வைத்துக் கொண்டுபோயிருந்தால், நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்தே ஓட்ட வேண்டும், கம்ப்ரசரின் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்ப அவ்வளவு நேரமாகும்.